கதை எழுதப் பட்டப் படிப்பு: சேலத்திலிருந்து என்ன வழி?

ஏற்காட்டில் ப்ளஸ் டூ முடித்த மகள் கதை எழுதுகிறார், அதையே பட்டப் படிப்பாகப் படிக்க ஆசைப்படுகிறார். சேலத்தில் அதற்கு வழி உண்டா, இல்லையென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா, அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? இவைதான் உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் இதே மாதிரிப் படிப்பை 1970-இல் தொடங்கியது. இரண்டுமே முதுகலைப் படிப்புகள். அதே முறைதான் பிறகு இளங்கலைக்கும் வந்தது. இங்கிலாந்தில் இளங்கலை என்றால் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 120 கிரெடிட், மொத்தம் 360. முதல் ஆண்டில் சிறுகதை, கவிதை, நாடகம் அல்லது திரைக்கதை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கை வைக்கச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய வேலை, பெரும்பாலும் எட்டாயிரம், பத்தாயிரம் சொற்களில். தனிப் படைப்பெழுத்துப் பட்டத்தைவிட, இலக்கியத்தோடு சேர்ந்த இரட்டைப் பட்டம்தான் அதிகம் கிடைக்கும், அதுவே நல்லதும்கூட. படிக்காமல் எழுத மட்டும் வைக்கும் பாடத்திட்டத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

அங்கே விரிவுரை குறைவு, பட்டறைதான் மையம். சேலத்துக்காரர்களிடம் பட்டறை என்றால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நினைவைக் கலைக்க வேண்டாம். கம்பி இழுப்பது ஒரு கை, பற்றவைப்பது ஒரு கை, மெருகு போடுவது ஒரு கை. எழுத்துப் பட்டறையில் கை ஒன்றேதான், கண்தான் பத்துப் பதினைந்து. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். எழுதியவர் பெரும்பாலும் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். பிறகு திருத்தி எழுதுவார். பருவத்தின் முடிவில் தேர்வுத்தாள் கிடையாது. திருத்திய கதையையும், அதை ஏன் அப்படித் திருத்தினேன் என்று விளக்கும் ஒரு சிறு கட்டுரையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் இரண்டுக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்த விளக்கக் கட்டுரையை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தொலைப்பது அங்கேதான். “என் பாட்டியின் நினைவாக எழுதினேன்” என்பது விளக்கம் ஆகாது. “முதல் வரைவில் பாட்டியின் மனத்துக்குள்ளும் பேத்தியின் மனத்துக்குள்ளும் மாறி மாறிப் போனேன், இரண்டாம் வரைவில் பேத்தியை மட்டும் வைத்துக்கொண்டதால் பாட்டி மறைக்கும் விஷயம் வாசகருக்கும் மறைந்தது” என்பதுதான் விளக்கம்.

ஆக, அந்தப் பட்டம் தருவது மூன்று: கெடு, கவனமாகப் படிக்கும் ஆட்கள், திருத்தி எழுத வேண்டிய கட்டாயம். திறமையை யாரும் விற்பதில்லை. இந்த மூன்றையும் சேலத்தில் ஏற்பாடு செய்ய முடியுமா என்பதுதான் இனிக் கேள்வி.

சேலத்து அரசு கலைக் கல்லூரிகளில் படைப்பெழுத்துக்கென்று இளங்கலைப் பட்டம் கிடையாது. பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம் உண்டு. பெரியார் பல்கலைக்கழக வளாகத் துறைகள் பெரும்பாலும் முதுகலைக்கும் ஆய்வுக்கும். இளங்கலைக்கு அதன் கீழுள்ள கல்லூரிகளில்தான் சேர வேண்டும். ஏற்காட்டிலிருந்து வரும் பெண்ணுக்குக் கோரிமேட்டில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரி வசதி, மலையிலிருந்து இறங்கி வரும் சாலையிலேயே இருக்கிறது. அரசு கல்லூரிச் சேர்க்கையில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: பி.ஏ. தமிழுக்குத் தரவரிசை போடுவது ப்ளஸ் டூ தமிழ் மதிப்பெண்ணை மட்டும் வைத்து, நூற்றுக்கு. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண் மட்டும். மற்ற பாடங்களுக்குத்தான் நானூறு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் சறுக்கிய பிள்ளை தமிழில் 95 வாங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். புத்தகச் செலவுக்கு அது தாராளம்.

தமிழா ஆங்கிலமா என்பதில் என் கருத்து கறார்: எந்த மொழியில் எழுதுகிறாரோ அந்த மொழியில் படிக்கட்டும். ‘தமிழ் படித்தால் மதிப்பில்லை’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் கதை எழுதச் சொல்வது, வலது கைக்காரரை இடது கையில் எழுதப் பழக்குவது மாதிரி. எந்த மொழி என்று அவருக்கே குழப்பம் என்றால் (ஏற்காட்டுக் கான்வென்ட் பிள்ளைகளுக்கு இது சகஜம்) ஒரு சோதனை உண்டு. சந்தையில் இரண்டு பேர் சண்டை போடுவதை ஒரு பக்கம் தமிழிலும், அதையே ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் ஆட்கள் குரலை உயர்த்துகிறார்களோ அதுதான் அவர் மொழி.

பி.ஏ. தமிழில் சேர்ந்தால் முதலில் வரும் ஏமாற்றம், அங்கே யாரும் கதை எழுதச் சொல்ல மாட்டார்கள் என்பது. பொதுவாக ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75, மூன்று மணி நேரம். ஆறு பருவமும் ‘விரிவாக விளக்குக’தான். படைப்பிலக்கியம், இதழியல் என்ற பெயரில் திறன் தாள் ஒன்றிரண்டு இருக்கலாம். சேரும் முன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, அந்தத் தாளுக்கு மாணவர் எழுதிய படைப்பு மதிப்பெண்ணுக்கு வருகிறதா, இல்லை ‘சிறுகதையின் இலக்கணம் யாது’ என்று கேட்டு முடித்துவிடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகைதான் அதிகம்.

ஆனால் பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் எழுத்துப் பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. அகத்திணையை மனப்பாடமாகப் படித்தால் முதல், கரு, உரி என்று ஒப்பித்துவிட்டுப் போகலாம். எழுதுகிறவராகப் படித்தால் அதைவிடச் சிறந்த பட்டறைக் கையேடு கிடையாது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். அதாவது, கதை எங்கே, எந்த மாதம், எத்தனை மணிக்கு? கருப்பொருள் என்பது அங்கே உள்ள மரம், பறவை, தொழில், உணவு. உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, கடைசியில்தான் வருகிறது. பெரும்பாலான புதியவர்கள் உரிப்பொருளிலிருந்து தொடங்கி (‘பிரிவின் வலியை எழுதப் போகிறேன்’), நிலத்தையும் பொழுதையும் பின்னணித் திரையாகத் தொங்கவிடுகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை இப்படி அட்டவணை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேங்கையும் தினையும் இருந்த பட்டியலில் இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. கருப்பொருள் மாறியிருக்கிறது. உரிப்பொருளும் மாறியிருக்கிறதா என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, கூற்று. அகப்பாட்டில் புலவர் நேரடியாகப் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி என்று யாரோ ஒருவர் யாரிடமோ பேசுகிறார். தோழிக்குத் தெரிந்தது செவிலிக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பட்டறையில் நோக்குநிலை என்று பல வாரம் நடத்துவது இதைத்தான். முதல் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் ஒரு வரியைப் பாருங்கள்: ‘தன் முகம் சிவந்தது அவளுக்கே தெரியவில்லை.’ கதை அவள் கண் வழியாகப் போகிறது என்றால், அவளுக்குத் தெரியாததை யார் பார்த்தது? ஒரே பாட்டைத் தோழி கூற்றாகவும் செவிலி கூற்றாகவும் உரைநடையில் மாற்றி எழுதும் பயிற்சியை, ஆளுக்கு 300 சொற்களில், ஒரு பருவத்தில் நான்கு முறை செய்தால் இந்தத் தவறு தானாக விழுந்துவிடும்.

இனி, கல்லூரி தராததை, அதாவது பட்டறையை, பிள்ளைகளே நடத்திக்கொள்ளும் விதம். கணக்கு எளிது. ஒரு பருவத்தில் உருப்படியாகப் பதினைந்து வாரம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் 1, 3, 5 என்று பதின்மூன்றாம் வாரம் வரை ஏழு கூட்டம். கூட்டத்துக்கு இரண்டு கதை. மொத்தம் பதினான்கு இடம். ஏழு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு முறை. முதல் முறை வரைவு, இரண்டாம் முறை அதே கதையின் திருத்திய வடிவம். புதுக் கதை கொண்டுவரக் கூடாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் எல்லாம் போச்சு, ஏனென்றால் புதிதாக எழுதுவது சுகம், திருத்துவது கசப்பு. இரண்டு முறைக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி தானாக அமையும். அதற்குள் தன் எழுத்தே கொஞ்சம் அந்நியமாகிவிடும், வெட்டக் கை கூசாது. கதை 1,500 சொல்லுக்கு மேல் வேண்டாம். இப்படி ஆறு பருவத்தில் ஆறு கதை, ஏறக்குறைய 9,000 சொல். வெளிநாட்டு மாணவர் மூன்றாம் ஆண்டில் கொடுக்கும் பெரிய வேலையின் அளவும் அதுதான். சொல்லப்போனால் தமிழில் வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 9,000 தமிழ்ச் சொல் என்பது ஆங்கிலத்தில் அதைவிடக் கணிசமாக அதிகம்.

கதையைக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே யூனிகோடில் அனுப்ப வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்தால் பாதிப் பேர் கைப்பேசியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும், படிக்காததற்கு அதுவே சாக்காகிவிடும். ஒரு கதைக்கு நாற்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எழுதியவர் ஏதாவது ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கட்டும். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியமும் தடுக்கிறது. அடுத்த பத்து நிமிடம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்: யார் கதை, எத்தனை நாளில் நடக்கிறது, எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. பிடித்தது, பிடிக்காதது கூடாது. எழுதியவர் நினைத்த கதை வேறு, பக்கத்தில் இருக்கும் கதை வேறு என்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவரும். பிறகு பதினைந்து நிமிடம் குறைகளும் சந்தேகங்களும். கடைசிப் பத்து நிமிடம் எழுதியவர் கேள்வி கேட்கலாம். விளக்கம் சொல்லக் கூடாது.

இது கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவையே. முதலாவது ‘சூப்பர்’, ‘அருமை தோழி’. நட்புக்குப் பயந்து பாராட்டுவது. இதற்கு மருந்து, ஆளுக்கு அரைப் பக்கம் எழுத்தில் கொண்டுவருவது. எழுதும்போது பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். இரண்டாவது நம் ஊருக்கே உரியது: ஒற்றுப்பிழை பிடிப்பது. தமிழ் படிக்கும் பிள்ளைகள் கூடினால் க், ச், த், ப் மிகுமா மிகாதா என்பதிலேயே நாற்பது நிமிடமும் கரைந்துவிடும். பிழையைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடலாம், வாயால் பேச வேண்டியதில்லை. மூன்றாவது, “இது உன் சொந்தக் கதையா?” என்ற கேள்வி. முக்கியமாகப் பெண் பிள்ளைகளை இது வாயடைத்துவிடும். அடுத்த கதையை இளவரசன், இளவரசி என்று எழுதி ஒளிந்துகொள்வார்கள். இந்தக் கேள்விக்கு முதல் நாளே தடை போட்டுவிட வேண்டும். நான்காவது, மூத்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது. ஆசிரியரைப் பருவத்துக்கு ஒருமுறை அழைத்தால் போதும். இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கணினியைக் கேட்டு எழுதி வாங்கி வருவது. பிடிப்பது சுலபம், முந்தைய வரைவுகளைக் காட்டச் சொன்னால் போதும். கையெழுத்து நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாத கதையைக் கூட்டத்தில் எடுக்க வேண்டாம்.

தகவல் பிழையையும் பட்டறையிலேயே பிடிக்கப் பழக வேண்டும். உள்ளூர்க் கதையில் இது இன்னும் முக்கியம். காப்பித் தோட்டக் கதை என்றால் வெள்ளைப் பூ மணக்க, பக்கத்திலேயே பெண்கள் கூடையில் பழம் பறிப்பதாக எழுதிவிடுவார்கள். அராபிகா மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் பூக்கும். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். பழம் பறிப்பது ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஜனவரி வரை. இரண்டையும் ஒரே காட்சியில் வைத்தால் ஏற்காட்டு வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அதே சமயம், பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும் என்பது தெரிந்தவருக்கு ஒரு கதையின் கால அளவே கிடைத்துவிடுகிறது. தகவல் சரியாக இருந்தால் கதைக்கு வேலை செய்யும் என்பதற்கு இதுவே உதாரணம்.

பேச்சு நடையில் இன்னும் கவனம் வேண்டும். ‘சேலத்துத் தமிழ்’ என்று ஒன்று கிடையாது. எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் கொங்குச் சாயல் தூக்கலாக இருக்கும், ஆத்தூர், தலைவாசல் பக்கம் போகப் போக அது மாறும். நகரத்திலேயே தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் வீட்டில் பேசும் நெசவுக் குடும்பங்கள் உண்டு. மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) பேச்சு தனி. எல்லோர் வாயிலும் ‘ஏனுங்க’வைச் செருகினால் வட்டார வழக்கு ஆகிவிடாது. எழுத்தைச் சிதைத்து உச்சரிப்பைக் காட்டுவதைவிட, சொல் தேர்வும் வாக்கியம் முடியும் விதமும்தான் ஆளைக் காட்டும். மலைப் பிள்ளைகளைக் கேலியாக்கும் உரையாடலைப் பட்டறையிலேயே நிறுத்திவிடுங்கள்.

தினமும் ஏற்காட்டிலிருந்து போய் வருவதா, விடுதியா என்றும் தயங்குவீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுத முடியாது, படித்தால் குமட்டும். ஆனால் காதுக்கு வேலை உண்டு. முன் இருக்கைக்காரர்கள் பேசுவதைக் கேட்டு, இறங்கியதும் வருணனை இல்லாமல் பேச்சை மட்டும் 400 சொற்களில் எழுதிப் பார்க்கலாம். வளைவு எண் பலகைதான் கடிகாரம்: ஐந்தாவது வளைவில் ஒருவர் கேட்கிறார், பதினெட்டாவதில்தான் மற்றவர் பதில் சொல்கிறார். விடுதி என்றால் ஏழு பேர் சேர்வது சுலபம். இரண்டிலும் லாபம் உண்டு, குடும்ப வசதியைப் பார்த்து முடிவெடுங்கள்.

வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவுக்குக் கதை இலாகா என்று தனிப் பிரிவே இருந்தது. எழுத்து மாதச் சம்பள வேலையாக இதே சாலையில் நடந்திருக்கிறது என்று தாத்தா பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், எதிர்ப்பு கொஞ்சம் குறையலாம்.

பிழைப்பு விஷயத்தில் பூசி மெழுக வேண்டாம். கதை எழுதிச் சம்பாதிப்பதை நம்பி எந்தப் பட்டமும் எடுக்கக் கூடாது. பி.ஏ. தமிழோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கும், ஏதாவது ஒரு பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் வழி இருக்கிறது. பதிப்பகம், மொழிபெயர்ப்பு, வசனம், விளம்பரம் எல்லாம் பட்டத்தைவிடக் கையில் இருக்கும் ஆறு நல்ல கதைகளைப் பார்த்துத்தான் கூப்பிடும்.

வெளியே அனுப்ப வசதி இருந்தால்: ஆங்கிலத்தில் எழுதுபவர் என்றால் ஹரியானாவில் அசோகா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தோடு படைப்பெழுத்தைச் சேர்த்துப் படிக்கலாம், கட்டணம் அதிகம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்தில் பட்டயம் நடத்துகிறது. நேரில் ஒரு பட்டமும் தொலைநிலையில் ஒன்றும் ஒரே சமயத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்துவிட்டதால், சேலத்தில் பி.ஏ. படித்துக்கொண்டே அதையும் செய்யலாம். இங்கிலாந்து என்றால் வெளிநாட்டு மாணவர்க் கட்டணமே பல இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல், தங்கும் செலவு தனி. திரும்பி வந்து அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்ற சான்று வாங்க வேண்டியிருக்கும். தமிழில் எழுதும் பெண்ணை அத்தனை செலவில் அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இளங்கலையை இங்கே முடித்து, கையில் கதைகளோடு முதுகலைக்கு முயன்றால் உதவித்தொகைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு.

ஏழு பேர் கிடைக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். நான்கு பேர் போதும். அப்போது கூட்டத்துக்கு ஒரு கதை, மொத்தம் எட்டு இடம், பதினைந்தாம் வாரத்தில் ஒரு கூட்டம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். அது பருவத் தேர்வுக்குப் படிக்கும் வாரம் என்பதால், யார் கதை கடைசியில் வருகிறது என்பதை முதல் நாளே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிடச் சொல்லுங்கள்.